சிவநேசன் எடிசனில் இருக்கிறான்

அக்டோபரில் ஒரு புதன்கிழமை மத்தியானம். எனக்கு வீட்டிலிருந்து வேலை. மீட்டிங்கில் மைக்கை ஆஃப் பண்ணிவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். நிமலன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். அவனுக்கு ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகக் கிச்சனுக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். துடைத்தான். மறுபடியும் கழுவினான்.

நிமலன் என் மனைவி சுகந்தினியின் அண்ணன். ரூட் ஒன்னில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் வேலை. அதை அவன் பெற்றோல் செட் என்றுதான் சொல்வான். நியூ ஜெர்சியில் நம் காருக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது, போட்டுவிட ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவன் அந்த ஆள். மூன்று வருடமாக பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டில், எங்கள் மகள் கயலின் ரூமுக்கு அடுத்த ரூமில் இருந்தான்.

சுகந்தினி டேகேரில் அரை நாள் வேலை முடித்து வந்து கயலின் நேற்றைய டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஸிங்க்குக்காகக் காத்திருந்தாள். என்ன அண்ணா என்று கேட்டாள்.

"அவன் வந்தவன்," என்றான் நிமலன்.

"ஆர்?"

"கதிர்காமற்றை சிவநேசன்."

அவள் டிபன் பாக்ஸைக் கவுண்டரில் வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

ஒரு வெள்ளை வேன் வந்து நின்றதாம். பக்கவாட்டில், அரை மணி தூரத்து ஊரான எடிசனில் இருக்கிற ஒரு இந்தியன் மளிகைக் கடையின் பேர். நிமலன் தொப்பி போட்டுத் தாடி வைத்திருந்தான், சிவநேசனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. சிவநேசன் கண்ணாடியை இறக்கி கார்டை நீட்டி, டேங்க்கை நிரப்பச் சொல்லியிருக்கிறான். நிமலன் ஹோஸை எடுத்துச் சொருகியிருக்கிறான். பம்ப்பில் நம்பர் ஓடுகிற வரைக்கும், தன் அப்பாவை வெட்டிக் கொன்றவனுக்கு ஒன்றரை அடி பின்னால் நின்றிருக்கிறான். முடிந்ததும் கார்டைத் திருப்பிக் கொடுத்தான். சிவநேசன் "தேங்க்யூ பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"நான் அவனுக்குப் பெற்றோல் அடிச்சு விட்டனான் மச்சான்," என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அதைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று தோன்றியது.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். எங்கள் ஊரிலும் தோட்டத்து வேலியை அரை அடி தள்ளிப் போட்டதற்காக இருபது வருடம் பேசாமல் இருக்கும் பங்காளிகள் உண்டு. என் அப்பாவே தன் சொந்தச் சித்தப்பா வீட்டுச் சாவுக்குப் போகவில்லை. சுகந்தினி சென்னையில் என்னோடு படித்தபோது, வன்னியில் தன் குடும்பத்துக்கும் பக்கத்து வயல்காரருக்கும் பகை என்று சொன்னாள். நானும் அந்த மாதிரித்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். அது அந்த மாதிரி இல்லை என்று கல்யாணத்துக்குப் பிறகு தவணை தவணையாகத்தான் தெரிந்தது.

எனக்குச் சொல்லப்பட்டது இதுதான். கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குளத்தின் கீழே இரண்டு குடும்பத்துக்கும் வயல். ஒரே வாய்க்கால். சுகந்தினியின் அப்பா நவரத்தினமும் அந்தப் பக்கத்துக் கதிர்காமரும் ஒன்றாக விதைத்து ஒன்றாக அறுத்தவர்கள். சண்டையின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரியில், இயக்கத்துக்கு ஆள் பிடித்தார்கள். கதிர்காமர் தன் கடைசி மகன் கஜனை, பதினேழு வயசு, வைக்கோல் பட்டடைக்குக் கீழே குழி வெட்டி ஒளித்து வைத்திருந்தார். ஒரு நாள் நேராக வந்து பட்டடையைத் தள்ளி அவனை எடுத்துக்கொண்டு போனார்கள். அதே நாள் சுகந்தினியையும் பிடித்துப் போனார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து. மறுநாள் நவரத்தினம் மகளை விடச் சொல்லிக் கேட்க அவர்களுடைய முகாமுக்குப் போனார். அதை ஊரில் நாலு பேர் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து சுகந்தினி உயிரோடு திரும்பி வந்தாள். கஜன் வரவில்லை. அவனை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் அவள் சொன்னாள்.

ஊர் கணக்குப் போட்டது. குழி தெரிந்தது பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான்; முகாமுக்குப் போனது முன்னாலா பின்னாலா என்று யாரும் பார்க்கவில்லை. மகளை மீட்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிக் கொடுத்தவர் நவரத்தினம் என்று முடிவானது. சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து எல்லோரும் திரும்பி, வயலில் முதல் போகம் அறுத்தபோது, கதிர்காமரின் மூத்த மகன் சிவநேசன் வரப்பில் வைத்து நவரத்தினத்தை வெட்டினான். அவன் சிறையில் இருக்கும்போது சுகந்தினியின் சித்தப்பா டிராக்டரைப் பின்னால் எடுக்கையில் கதிர்காமர் சக்கரத்தில் சிக்கிச் செத்தார். போலீஸ் விபத்து என்று எழுதியது. வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை. பிறகு கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டில் வைத்து நிமலனின் தோளில் கதிர்காமர் பக்கத்து ஆட்களின் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவன் பிரேசில், பனாமா, மெக்சிகோ என்று நடந்தும் பஸ்ஸிலும் வந்து, எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றான். அசைலம் கேஸ் இன்னும் நடக்கிறது. சிவநேசனும் தண்டனை முடிந்து அதே வழியில்தான் வந்திருப்பான் என்றான் நிமலன். வேறு வழி எது.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

நிமலன் வேலை இல்லாத நாளெல்லாம் தன் பழைய கொரோலாவை எடுத்துக்கொண்டு எடிசனுக்குப் போனான். எங்கள் மூவருக்கும் போனில் லொகேஷன் ஷேரிங் இருந்தது, கயலை ஸ்கூலில் பிக்கப் பண்ணுவதற்காகப் போட்டது. நான் ஆபீஸ் வேலைக்கு நடுவில் அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கடையின் பார்க்கிங் லாட்டில் ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு ஒரு தெருவுக்குள் போகும். திரும்ப வரும். சிவநேசன் எந்த வீட்டின் பேஸ்மெண்டில் குடியிருக்கிறான், எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்பதெல்லாம் பத்து நாளில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சாப்பிடும்போது சொல்வான், வானிலை சொல்கிற மாதிரி.

சுகந்தினி வேறு விதமாக அலைந்தாள். அலமாரியைக் காலி பண்ணி மறுபடி அடுக்கினாள். மேற்குக் கரையில் எங்கள் கம்பெனியின் குபெர்டினோ ஆபீஸுக்கு டிரான்ஸ்ஃபர் கேட்க முடியுமா என்று என்னிடம் கேட்டாள். கயல் பாதி வருடத்தில் ஸ்கூல் மாற வேண்டியிருக்குமே என்றேன். அப்ப டெக்சாஸ் என்றாள். கல்யாணமான ஒன்பது வருடத்தில் நாங்கள் நாலு வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அவள்தான் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. சத்தம், கார்பெட் வாசனை, பக்கத்து வீட்டு நாய். நான் அதை எல்லாம் நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமலன் கூட வேலை பார்ப்பவனின் காரில் போயிருந்தான், கீழே நின்ற கொரோலாவின் டிக்கியில் கயலின் ஸ்கூட்டரைத் தேடப் போனேன். ஜாக்கெட்டுக்குக் கீழே புதர் வெட்டுகிற நீளக் கத்தி ஒன்று இருந்தது. ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. நாங்கள் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், வெட்டுவதற்கு ஒரு புல் கிடையாது.

போலீஸுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் நிமலனின் கேஸ் போய்விடும், ஆளைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள், ஊரில் இறங்கினால் அவனுக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியும். சொல்லாவிட்டால் எடிசனில் ஒருவன் சாவான். அன்று சாயங்காலம் நிமலனை வேலையிலிருந்து கூட்டிவருகிறேன் என்று சாக்குச் சொல்லிப் போய், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன். நியூயார்க்கிலிருந்து வந்த டிரெயினில் ஆட்கள் இறங்கி, பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கள் கார்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். கத்தியைப் பார்த்தேன் என்றேன்.

அவன் மறுக்கவில்லை.  அப்பா வெட்டுப்பட்டபோது தான் ஊரில் இல்லை, கஜனைப் பிடித்துப் போனபோதும் இல்லை, இராணுவம் வன்னிப் பாதையைப் பூட்ட முன்னரே தன்னை வவுனியாவுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள், தான் எதையுமே பார்க்கவில்லை என்றான். தனக்கு வேண்டியது ஒன்றுதான் என்றான்.

"அப்பா ஆரையும் காட்டிக் குடுக்கேல்லை. எனக்கு அது தெரியும். அதை அவன் தன்ர வாயால சொல்லோணும். சொன்னா விட்டிடுவன் மச்சான்."

"சொல்லலைன்னா?"

 வருகிற சனிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்குப் போய் நேருக்கு நேர் கேட்கப்போவதாகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தினியிடமும் அதையே சொன்னான், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். அப்பா செய்யவில்லை என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக்கொண்டே இருந்ததில் மாவு கண்ணாடி மாதிரி மெலிந்து கட்டையில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கயலை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து, இன்றைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள், என்னை எடிசனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். எதற்கு என்றேன். நிமலனுக்கு முன்னால் தான் அவனிடம் பேச வேண்டும் என்றாள். கெஞ்சப்போகிறாள், வேறு ஊருக்குப் போய்விடு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அது நல்ல யோசனையாகக்கூடத் தோன்றியது. கார் முழுக்க அவள் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள்.

கடைக்குப் பின்பக்கம் லோடு இறக்குகிற இடத்தில் அவன் இருந்தான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்து, காதோரம் நரைத்து, பச்சை ஏப்ரன் கட்டி, வாழைக்காய்ப் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. கடையில் பார்த்திருந்தால் பெருங்காயம் எங்கே இருக்கு என்று கேட்டிருப்பேன்.

சுகந்தினி அவனுக்கு நாலடி தூரத்தில் போய் நின்றாள். அவன் கஸ்டமர் என்று நினைத்து முன்வாசலைக் கையால் காட்டினான்.

"நான் நவரத்தினத்தாற்றை மகள். சுகந்தினி," என்றாள்.

கையில் இருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். தமையன் வந்திருக்கிறாரோ என்று கேட்டான். இல்லை, இவர் என்ர மனுசன் என்று அவள் என்னைக் காட்டினாள்.

"ஒண்டு சொல்லத்தான் வந்தனான். கஜனைக் காட்டிக் குடுத்தது எங்கட அப்பா இல்லை. நான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவளுடைய ஊர்த் தமிழில் ஏதோ எனக்குப் பிடிபடாத அர்த்தம் இருக்கிறது என்றுகூட ஒரு விநாடி நினைத்தேன். அவள் நிறுத்தாமல், வேறு யாருக்கோ நடந்ததை ஒப்பிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா அன்றைக்கு வயலில். வீட்டில் அவளும் அம்மாவும்தான். ஆள் பிடிக்க வந்தவர்கள் அவளுடைய கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தார்கள். அம்மா அவர்களுடைய காலில் விழுந்து கிடந்தாள். வீட்டுக்கு ஒராள், ஆரெண்டாலும் ஒராள் வரத்தான் வேணும் என்று அவர்களில் ஒருத்தன் சொன்னான். ஆரெண்டாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள், பக்கத்து வளவில் ஒரு பொடியன் இருக்கிறான், வைக்கல் பட்டடைக்குக் கீழே என்று. அவன் கிடைத்தால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் அவனையும் எடுத்தார்கள், அவளையும் விடவில்லை. ஒரே டிராக்டர் பெட்டியில் ஏற்றினார்கள்.

"அவனுக்குத் தெரியாது," என்றாள். "என்னையும் பிடிச்சுப் போட்டாங்கள் எண்டு என்ர தலையைத் தடவி விட்டவன்."

சிவநேசன் பாக்கெட்டிலிருந்து பெட்டி கிழிக்கிற சின்னக் கத்தியை எடுத்தான். நான் அவளுக்கு முன்னால் ஒரு அடி வைத்தேன். அவன் குனிந்து அடுத்த பெட்டியின் டேப்பை நீளமாகக் கிழித்தான். உள்ளே பார்த்தான். கத்தியை மடக்கித் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். செய்ய வேறு ஒன்றும் இல்லாததால் செய்த மாதிரி இருந்தது.

"அப்ப நான் வெட்டினது ஆரை?" என்றான்.

அவள் ஒரு அடி கிட்டப் போனாள்.

"ஏன் இப்ப வந்து சொன்னனீர்? ஆறு வருசம் மறியலில அடைபட்டுக் கிடந்தனான். அய்யா செத்ததுக்கு விலங்கோடதான் கொண்டுவந்து காட்டினவங்கள். அப்பவும் நித்திரை கொண்டனான். தம்பிக்காகச் செய்தனான் எண்டு நினைச்சு நித்திரை கொண்டனான்."

நிமலன் நாளைக்கு வருகிறான், கேட்பதற்காக வருகிறான் என்று சுகந்தினி சொன்னாள். எதைக் கேட்க என்றான். அப்பா செய்யவில்லை என்று உங்கள் வாயால் கேட்க என்றாள்.

அவன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டான். உள்ளே இருந்து யாரோ இந்தியில் அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை.

"அவர் சொன்னவர்," என்றான். "நான் இல்லைத் தம்பி எண்டு. மூண்டு தரம் சொன்னவர். நான் நம்பேல்லை."

சுகந்தினி அப்போதுதான் அழுதாள். அதுவரைக்கும் அழவில்லை. நான் அவள் முதுகில் கை வைத்தேன், அவள் விலக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான், கொண்டுபோன பிறகு கஜன் எத்தனை நாள் இருந்தான் என்று. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. உடம்பு வரவில்லை, ஒரு கடிதம் வரவில்லை, இன்ன இடம் என்று சொல்ல ஆளில்லை. பதினைந்து வருடமாக அவனுடைய தாயார் மகன் எங்கேயோ ஒரு சிறையில் இருக்கிறான் என்று படத்தை வைத்துக்கொண்டு கச்சேரி என்று அவர்கள் சொல்கிற அரசாங்க ஆபீஸ்களில் ஏறி இறங்குகிறாராம். சுகந்தினி சொன்னாள். பன்னிரண்டு நாள். காயக்காரர்களைத் தூக்குகிற வேலையில் இரண்டு பேரையும் விட்டிருந்தார்கள். ஷெல் விழுந்தபோது கஜன் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் பிடித்திருந்தான், அவள் பின்பக்கம். அவளும் இன்னொரு பெண்ணும்தான் குழி வெட்டினார்கள். இரணைப்பாலைச் சந்தியைத் தாண்டி, வலது கைப்பக்கம் இரண்டு மாமரம், அதற்கு நடுவில். அன்றைக்கு மத்தியானமே அவள் ஓடிவிட்டாள்.

"கஷ்டப்பட்டவனோ?"

"இல்லை. உடனே."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் இதுவரை கேட்கவில்லை.

நாங்கள் கிளம்பும்போது சிவநேசன் எழுந்து நின்றான். "நாளைக்கு நான் இஞ்சதான் நிப்பன்," என்றான். "ஓட மாட்டன் எண்டு தமையனிட்டச் சொல்லும்." மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது எக்சிட்டைத் தவறவிட்டு, நியூ பிரன்ஸ்விக் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தேன். உனக்கு அப்ப பதினஞ்சு வயசு சுகந்தி என்றேன். "அதைச் சொல்லாதீங்க," என்றாள். "எல்லாரும் அதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். அதனாலதான் சொல்லாம இருந்தேன்."  ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்த முற்றத்தில் என் கையை ஒருத்தன் பிடித்து இழுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். இன்னும் சீக்கிரமாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றியது. ஆனால் அதற்குப் பிறகு, அப்பாவைக் கொன்ற பிறகும் வாயைத் திறக்காமல் இருந்திருப்பேனா என்று யோசிக்கையில் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. அதை ஒளிக்க விரும்பவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு நிறைய நாள் அப்படி இருந்தது.

நிமலனிடம் அன்று சாயங்காலமே சொன்னாள். கயல் டான்ஸ் கிளாஸில் இருந்தாள். நிமலன் ஜன்னல் ஓரம் நின்று கேட்டான். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. அவள் முடித்ததும், சிவநேசன் மூன்று தரம் என்று சொன்னதை நான் சொன்னேன். அவள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டிருந்தாள். அவனுக்கு வேண்டியிருந்தது அதுதானே என்று நினைத்தேன். இப்போது வேறு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மாக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டான்.

"பக்கத்திலதான் கிடந்தவா. கேட்டிருக்கும். நாங்கள் ஒருநாளும் கதைக்கேல்லை."

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். படியில் அவன் இறங்குகிற சத்தம் நிதானமாகத்தான் கேட்டது. அரை மணி நேரத்தில் வரைபடத்தில் அவனுடைய புள்ளி காணாமல் போயிற்று. லொகேஷனை ஆஃப் பண்ணிவிட்டான். கேஸ் ஸ்டேஷனில் கூட வேலை பார்ப்பவனின் ரூமில் தங்கியதாகப் பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் எடிசனுக்குப் போனேன். சுகந்தினி வருகிறேன் என்றாள், கயலோடு இரு என்று சொல்லிவிட்டேன். கடையின் பின்பக்க லாட்டில் கொரோலா நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நிமலன் உள்ளே உட்கார்ந்திருந்தான். முப்பது அடி தள்ளி, லோடு இறக்குகிற கதவுக்கு முன்னால் சிவநேசன். ஏப்ரனைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் வைத்திருந்தான். கை இரண்டும் கீழே தொங்கின. அவன் நிமலனைப் பார்த்துவிட்டான், நிமலனும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அசையவில்லை.

நான் காரை விட்டு இறங்கினேன். போவதா, கூப்பிடுவதா, நடுவில் போய் நிற்பதா, எதுவும் தெரியவில்லை. என் போன் கையில் இருந்தது, போலீஸுக்கு 911 அழுத்தி வைத்திருந்தேன், பச்சை பட்டனை மட்டும் தொடவில்லை. ஒரு அம்மா வண்டியில் அரிசி மூட்டையைத் தள்ளிக்கொண்டு இருவருக்கும் நடுவில் கடந்து போனார். டிக்கியில் வைக்க உதவி வேண்டும் என்று சிவநேசனைப் பார்த்தார். அவன் கவனிக்கவில்லை. அவரே தூக்கி வைத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பத்து நிமிஷம் இருக்கலாம். நிமலன் கதவைத் திறந்தான். ஒரு காலைக் கீழே ஊன்றினான். சிவநேசன் ஒரு அடி முன்னால் வந்தான், தப்பிக்கிற மாதிரி இல்லை, தூரத்தைக் குறைக்கிற மாதிரி. நிமலன் ஊன்றிய காலோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினான். வண்டியைத் திருப்பும்போது என்னைக் கடந்துதான் போனான். என்னைப் பார்த்தானா என்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரிக்குள் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஹூஸ்டனில் கூடப் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான், அங்கே போகிறேன், லாயரிடம் அட்ரஸ் மாற்றச் சொல்லிவிடுங்கள் மச்சான் என்று. தங்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் துணிகளைச் சுகந்தினி மடித்துப் பெட்டியில் போட்டாள், நான் பார்சல் அனுப்பினேன். கயல் ஒரு வாரம் "வேர் இஸ் மாமா?" என்று கேட்டாள். டெக்சாஸ் என்றேன். "ஃபார் வொர்க்?" என்றாள். ஆமாம் என்றேன்.

டிசம்பரில் தெரியாத நம்பரிலிருந்து சுகந்தினிக்கு ஒரு போன். சிவநேசன். மாமரம் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவள் கயலின் டிராயிங் பேப்பரில் வரைந்து, படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். தாயார் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தாராம். ஒரு மாமரம்தான் நிற்கிறதாம், மற்றதை வெட்டி அந்த இடத்தில் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் நல்லவர், வேலிக்கு உள்ளே விட்டாராம். கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகும் கச்சேரிக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை என்றான். இனி எடுக்க மாட்டன் என்று சொல்லி வைத்தான். எடுக்கவும் இல்லை. அடுத்த தடவை அந்தக் கடைப் பக்கம் போனபோது வேனை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுகந்தினி குபெர்டினோவைப் பற்றியும் டெக்சாஸைப் பற்றியும் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் சும்மாவும் இல்லை. டேகேரில் முழு நாள் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் இருக்கிற நேரம் நடந்துகொண்டே இருப்பாள், கிச்சனிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து ரூமுக்கு. அம்மாவிடம் மட்டும் இன்னும் பேசவில்லை, இந்த விஷயத்தை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், மழை பெய்ததா, பசு கன்று போட்டதா என்று கேட்பாள். இரண்டு பக்கமும் அதற்கு மேல் போகவில்லை. நான் அவளிடம் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

நிமலன் கயலோடு மட்டும் வீடியோவில் பேசுவான், சனிக்கிழமைகளில். அவன் தமிழில் கேட்பான், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவன் குரல் கேட்டதும் சுகந்தினி எழுந்து ரூமுக்குள் போய்விடுவாள், அவனுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பேச்சு முடிகிற நேரத்தில் அவன் கயலிடம், "அம்மாட்டக் குடு பிள்ளை," என்றான். கயல் போனைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் ஓடினாள். "அம்மா, மாமா வாண்ட்ஸ் யூ."

நான் கயலைக் கூட்டிக்கொண்டு கீழே பிளேகிரவுண்டுக்குப் போய்விட்டேன். பனி முழுக்கக் கரையவில்லை, ஊஞ்சல் ஈரமாக இருந்தது, அவள் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தள்ளிவிட்டுக்கொண்டே எங்கள் ஜன்னலைப் பார்த்தேன். சுகந்தினி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹாலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். வாய் அசையவில்லை. அவன்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கயல் குளிருது, மேலே போகலாம் என்றாள். இன்னும் பத்து தடவை என்று சொல்லித் தள்ளினேன். பிறகு இன்னும் பத்து.